சாங்கி – கோலாலம்பூர்: 44 நிமிடப் பயணத்துக்கு ஐந்து மணி நேரம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. பயணச்சீட்டில் ஒரு மணி 10 நிமிடம் என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் இருக்கும் அக்காவிடம், "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவேன்க்கா" என்று சொல்லி வைத்தேன். "விமானம் கிளம்புறப்போ சொல்லு, உலை வைக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை 4:45க்கு தெம்பினிஸ் வீட்டை விட்டுக் கிளம்பினேன். எனக்குச் சாங்கி 20 நிமிடம்தான்; தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜூரோங்வாசிகள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். நான் போன முனையத்தில் பைச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. உள்ளே வந்துவிட்டோமே என்று காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கடைசியில் ஓட வேண்டியிருக்கும். நான் ஓடினேன்.

7:08க்கு விமானம் நகர்ந்தது. அக்காவுக்குத் தகவல் அனுப்பினேன். அப்புறம் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. சக்கரம் தரையை விட்டபோது 7:25. சாங்கி ஓடுபாதைகள் வடக்கு தெற்காக இருக்கின்றன. அன்று தெற்கு நோக்கி எழும்பியதால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஜொகூர் பக்கம் திரும்பினோம். இருக்கைப் பட்டையைக் கழற்றலாம் என்று விளக்கு அணைந்தது, தண்ணீர் வந்தது, குடித்து முடிப்பதற்குள் மறுபடி விளக்கு எரிந்தது. கடைசி வெளிச்சத்தில் கீழே வரிசை வரிசையாகச் செம்பனை. 8:09க்குத் தரையிறங்கினோம். ஆக, வானத்தில் இருந்தது 44 நிமிடம். சீட்டில் போடும் நேரம் வாயிலில் விமானம் நகர்வது முதல் அடுத்த வாயிலில் நிற்பது வரைக்கும். பறக்கும் நேரம் அதற்குள் அடக்கம். வீடு போய்ச் சேரும் நேரம் அதில் இல்லவே இல்லை.

கடப்பிதழ் சோதனை முடிந்து வெளியே வர 8:50. நகருக்குள் போகிறவர்களுக்குக் கவலை இல்லை, விமான நிலைய விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரலில் விட்டுவிடும். கிள்ளானுக்கு கிராப் வாடகைக் கார்தான் சரி. அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது 9:50. சோறு ஆறியிருந்தது. அக்கா முகம் ஆறவில்லை.

பேருந்தில் போயிருக்கலாமே என்பீர்கள். வார நாளில், மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால், அதுவும் ஐந்தாறு மணி நேரம்தான்; கட்டணமும் குறைவு. என் அனுபவத்தில் வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பாலத்தில் மட்டுமே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் விமானம்.

ஞாயிறு திரும்பும்போது விமானம் 80 நிமிடம் தாமதம். பறக்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வாயிலில் காத்துக் கிடந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கைப்பையோடு மட்டும் போங்கள். பெட்டி போட்டால் மூன்றுதான்.

அக்கா இப்போதெல்லாம் நான் கிராப்பில் ஏறிய பிறகுதான் உலை வைக்கிறார்.