பெவாஞ்ஞா இடைக்காலத் திருவிழா: வேஷம் இல்ல, வேலை

இத்தாலில உம்ப்ரியா பக்கம் பெவாஞ்ஞான்னு ஒரு சின்ன ஊர், பழைய மதிலுக்குள்ள இருக்கற ஊரை அரை மணி நேரத்துல நடந்தே சுத்தி வந்துரலாம். அங்க வருஷா வருஷம் ஜூன் மாசம் பின்பாதில ஒரு பத்து நாள் ‘மெர்காத்தோ தெல்லே கைதே’ன்னு திருவிழா நடக்கும். 1250லேர்ந்து 1350 வரைக்கும் இந்த ஊர்ல ஜனங்க எப்படி வேலை பார்த்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, எப்படி சந்தை போட்டாங்கன்னு ஊரே சேர்ந்து செஞ்சு காட்டுறாங்க. நானும் அண்ணியும் மூணு நாள் தங்கி பார்த்துட்டு வந்தோம், யாராவது போகலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தீங்கன்னா கண்ணை மூடிட்டு டிக்கெட் போடுங்க.

இத்தாலில இந்த மாதிரி விழா நிறைய ஊர்ல இருக்கு, பாதி இடத்துல வெல்வெட் டிரெஸ் போட்டு ஊர்வலம் போவாங்க, மேளம் அடிப்பாங்க, அதோட முடிஞ்சிரும். இங்க அப்படி இல்ல. ஊரை சான் ஜார்ஜோ, சான் ஜொவான்னி, சான் பியெத்ரோ, சாந்தா மரியான்னு நாலு கைதாவா பிரிச்சிருக்காங்க, கைதான்னா அந்தக் காலத்து பேட்டைன்னு வச்சுக்கோங்க, லொங்கோபார்துன்னு இத்தாலிய ஆண்ட பழைய ஜெர்மானிய ஜனங்களோட மொழில காவல்னு அர்த்தம் வர்ற சொல்லுலேர்ந்து வந்த பேரு. கைத்தொழில், சந்தை, சமையல், வில்வித்தைன்னு நாலுலயும் இவங்களுக்குள்ள போட்டி. இடைக்கால வரலாறு தெரிஞ்சவங்க நடுவரா வந்து உக்காந்து, காலத்துக்குப் பொருந்துதான்னு பார்த்து மார்க் போடுறாங்க. அதனால ஏனோதானோன்னு யாரும் எதுவும் செய்யறதில்ல.

எனக்கு மனசுல அப்படியே நிக்கிறது காகிதப் பட்டறைதான். பழைய லினன் சணல் கந்தல்துணியை மரச் சுத்தியல் இடிச்சு கூழாக்குது, அந்தக் கூழ் பால் மாதிரி ஒரு பெரிய தொட்டில கிடக்கு, பட்டறைக்காரர் கம்பி வலை போட்ட மரச்சட்டத்தை உள்ள விட்டு தூக்கி இப்படி ஒரு ஆட்டு அப்படி ஒரு ஆட்டு ஆட்டுறார், தண்ணி சொட்டச் சொட்ட வடிஞ்சு வலை மேல ஒரு மெல்லிய வெள்ளை ஏடு மட்டும் தங்குது. அதை கம்பளித் துணி மேல கவுத்து எடுத்தப்போ ஒரு ஓரம் கூட கிழியல. காய்ஞ்ச தாளை வெளிச்சத்துல காட்டினார், நடுவுல நீர்க்குறி தெரிஞ்சுது, சட்டத்துல வளைச்சு கட்டின கம்பியோட தடம்தான் அது. இந்த நீர்க்குறி, மிருகத் தோலுலேர்ந்து எடுத்த பசையை தாள் மேல பூசற வித்தை எல்லாம் 13ஆம் நூற்றாண்டுல பக்கத்து மார்க்கே மாகாணத்து ஃபாப்ரியானோல தேர்ந்த தொழில். அண்ணி அந்த தாளை விட்டு கையை எடுக்கவே இல்ல, “தொட்டுப் பாரு, துணி மாதிரியே இருக்கு”ன்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தாங்க.

மெழுகுவர்த்திப் பட்டறைலயும் நின்னு நிதானமா பாருங்க. வளையத்துல வரிசையா திரி தொங்குது, உருக்கின தேன்மெழுகை கரண்டில மொண்டு மேலேர்ந்து ஊத்துறாங்க, வளையத்தை சுத்துறாங்க, ஆறினதும் மறுபடி ஊத்துறாங்க, எத்தனை தடவைன்னு நான் எண்ணி எண்ணி விட்டுட்டேன். அந்த அறை முழுக்க தேன் வாசனை. பட்டு முறுக்கற பெரிய மர இயந்திரமும் இருக்கு.

சாப்பாடு ஒவ்வொரு கைதாவுக்கும் தனி தவெர்னால, அதாவது அந்தக் காலத்து மாதிரி சாப்பாட்டுக் கடைல. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் கிடையாது, அதெல்லாம் 1492க்கு அப்புறம் அமெரிக்காவுலேர்ந்து வந்ததுதானே. ஃபாரோங்கற பழைய கோதுமை வகைல சூப், பருப்பு வகை, பன்றிக்கறி, அதுல மிளகு பட்டை இஞ்சி, இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி. முதல் வாய்க்கு விநோதமா இருந்துச்சு, ரெண்டாவது நாள் நானே தேடிப் போனேன். கூட்டம் ஜாஸ்தி, முன்கூட்டியே மேஜை சொல்லி வச்சுடுங்க.

சந்தை கடைசி வாரக்கடைசிலதான், அதுக்கு ஏத்த மாதிரி தேதி பாருங்க. சாயங்காலம் பியாத்சா சில்வெஸ்த்ரி சதுக்கத்துல போய் உக்காருங்க, எதிரும் புதிருமா ரோமனெஸ்க்ங்கற இடைக்காலக் கட்டடப் பாணில ரெண்டு சர்ச், அதுல சான் சில்வெஸ்த்ரோ 1195ல கட்டினது, பக்கத்துல 13ஆம் நூற்றாண்டு கொன்சோலி மாளிகை. விழாவுக்குன்னு செட் போட வேண்டிய அவசியமே இல்லாத இடம்.

ஒரு கஷ்டம் பட்டோம், சொல்லிடறேன். நாங்க ரூம் எடுத்தது ஃபொலிஞ்ஞோ பக்கம், ராத்திரி திரும்ப பஸ் இருக்கும்னு ரூம்காரங்க சொன்னதை நம்பிட்டு நடுராத்திரி வரைக்கும் ரோட்டோரமா நின்னோம், பஸ்ஸே வரல, கடைசில டாக்சிக்கு அலைஞ்சு வந்து சேர்ந்தோம். விழா ராத்திரிலதான் களைகட்டும், அதனால பணம் கொஞ்சம் கூட ஆனாலும் பெவாஞ்ஞா மதிலுக்குள்ளயே தங்குங்க, இல்லன்னா கார் எடுங்க. ரயில்ல வர்றவங்களுக்கு ஃபொலிஞ்ஞோ ஸ்டேஷன்தான் வசதி.

பட்டறைல விளக்கம் பெரும்பாலும் இத்தாலியன்லதான் காதுல விழுந்துச்சு. கார்த்தான்னா காகிதம், செத்தான்னா பட்டு, சேரான்னா மெழுகு, இந்த மூணு தெரிஞ்சாலே பாதி புரியும், மீதியை அவங்க கை சொல்லிடும். பகல்ல நேரம் கிடைச்சா ரோமானியக் குளியல் கூடத்து மொசைக்கையும் பாருங்க, கறுப்பு வெள்ளைக் கல்லுல ஆக்டோபஸ், டால்பின் எல்லாம் நீந்துது.