நெக் போல்ட்டை மறைக்கும் காந்த மூடி செட்: வாங்கலாமா?

கிட்டாரின் சவுண்ட் ஹோலுக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தால், நெக்கை (கழுத்தை) போல்ட் போட்டுப் பிணைக்கும் உள்கட்டையான நெக் பிளாக்கில் துருத்தும் போல்ட் தலைகள்தான் கண்ணை உறுத்தும். இந்த செட்டில் 3 மி.மீ. மஹோகனி மூடி ஒன்று, 6×2 மி.மீ. காந்தங்கள் எட்டு. மூடி சுத்தமான வேலை. செய்முறைக் குறிப்புதான் சொதப்பல், அதனால் பொருத்தும் முறையை நானே சொல்கிறேன். எம்6 ஆலன் போல்ட்டின் தலை உயரம் 6 மி.மீ., வாஷர் 1.6. ஆகவே போல்ட் தலை உள்ளே அமிழும்படி, பிளாக்கில் 14 மி.மீ. டிரில் பிட்டால் 8 மி.மீ. ஆழம் குடைந்தால்தான் மூடி படியும். பிளாக்கை கிட்டார் பெட்டியில் ஒட்டுவதற்கு முன்பே குடைந்துவிடுங்கள், பிறகு டிரில் உள்ளே நுழையாது. காந்தங்களை மூடிக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று என ஜோடி சேர்த்து, ஒன்றையொன்று ஈர்க்கும் முனையைப் பேனாவால் குறித்த பிறகே எபாக்சி பசை வையுங்கள். ஒன்று தலைகீழானாலும் அந்த மூலை தூக்கிக்கொள்ளும். பரப்பு சமமில்லையென்றால் சில சுரங்களுக்கு மட்டும் மூடி 'கிர்ர்' என்று அதிரும். விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் அடங்கும். மூடியையே பிளாக்கில் பசை போட்டு ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்: நெக்கைக் கழற்ற வேண்டிய நாளில் உளிதான் எடுக்க வேண்டியிருக்கும்.