செங்கல் சுவருக்கு எந்த மூட்டு: குழிவா, உள்வாங்கலா?

பூசாத செங்கல் வீடு கட்டுகிறவர்கள் கல்லைத் தேர்வதிலேயே பாதிப் பொறுமையைச் செலவழித்துவிடுகிறார்கள். எந்தச் சூளை, என்ன நிறம், லோட் என்ன விலை என்று அலைந்து முடித்தபிறகு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வரும் சாந்தை எப்படி முடிப்பது என்று மேசன் கேட்கும்போதுதான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 220 மி.மீ. நீளமும் 65 மி.மீ. உயரமும் உள்ள கல்லை 10 மி.மீ. சாந்தில் வைத்துக் கட்டினால், சுவரின் முகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சாந்துதான் தெரியும். ஒரு சதுர மீற்றருக்குள் 17 மீற்றர் நீளத்துக்கு அந்தச் சாந்துக் கோடு, அதாவது மூட்டு, ஓடும். பத்தடிக்குப் பத்தடிச் சுவர் என்றால் 150 மீற்றருக்கு மேல். மாரி மழை உள்ளே வர வழி தேடுவது அந்த 150 மீற்றரில்தான்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில், செம்மண் பக்கம். வெளிச்சுவர் எல்லாவற்றுக்கும் குழிவு மூட்டு, அதாவது சாந்தைக் கம்பியால் அழுத்தி முடிப்பது, வைத்தோம். வீட்டுக்குள் ஹோலில் ஒரு சுவருக்கு மட்டும் உள்வாங்கிய மூட்டு, அதாவது சாந்தை உள்ளே சுரண்டி எடுப்பது. ஆகவே நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த விஷயத்தில் அனுபவத்தோடு ஆலோசனை சொல்ல ஆட்கள் குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. குடாநாடு சுண்ணக்கல் பூமி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கிய காலத்தில் சுண்ணக்கல்லை இங்கேயே வெட்டி எடுத்தார்கள். களிமண் மட்டும் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. செங்கல்லும் இன்று வெளியிலிருந்து லொறி ஏறித்தான் வருகிறது. பழைய வீடுகளைச் சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் கட்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். இப்போது சீமெந்துக்கல்லால் கட்டிச் சீமெந்து பூசுகிறோம். இரண்டிலும் மூட்டு பூச்சுக்குள் மறைந்துபோகும். அதனால் பூச்சுப் பிடிக்கட்டும் என்று மூட்டைச் சுரண்டி விடுவதே இங்கே பல மேசன்மாரின் கைப்பழக்கம். நீங்கள் வாய் திறக்காவிட்டால் உங்கள் செங்கல் சுவருக்கும் அதுதான் நடக்கும். வேலையில் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பூசப்போகும் சுவருக்கு அது சரியான முறை. பூசாத சுவருக்கு அது ஆகாது.

முதலில் சட்டென்று கடந்துவிடக்கூடியவற்றைப் பார்ப்போம்.

புடைப்பு மூட்டு. சாந்துக்கு மேல் இன்னொரு சீமெந்துப் பட்டி ஒட்டி, கரையை வெட்டி, கோடு மாதிரி எடுப்பாகக் காட்டுவது. கருங்கல் வேலைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லுக்கு வேண்டாம். பட்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் அதன் மேல்விளிம்பில் தண்ணீர் தங்கும். பெரும்பாலும் சீமெந்து கூடிய கலவையில் போடுவதால் காயும்போது சுருங்கி வெடிக்கும், பிறகு துண்டு துண்டாகக் கழன்று விழும்.

மட்ட மூட்டு என்றால் கரண்டியால் கல்லோடு மட்டமாக வழித்துவிடுவது. வேகமான வேலை. வெள்ளை அடிக்கப்போகும் சுவருக்கு நல்லது. ஆனால் நமக்குக் கிடைக்கும் கல்லெல்லாம் விளிம்பு நேரானவை அல்ல. மூலை உடைந்த இடமெல்லாம் சாந்து வழிந்து நிரம்பி, மூட்டு ஓரிடத்தில் 10 மி.மீ., இன்னோரிடத்தில் 20 மி.மீ. என்று தெரியும். கல்லின் முகத்திலும் சாந்து அப்பிக்கொள்ளும். அதைக் கழுவி எடுப்பது பெரிய பாடு.

வி வடிவ மூட்டு குழிவின் உடன்பிறப்புத்தான். அதே அழுத்தம், கோடு மட்டும் கூர்மையாக விழும். கல் மிக நேராக இருந்தால் வடிவாக இருக்கும்.

சரிவு மூட்டுக்கு என்னிடம் உண்மையான மரியாதை உண்டு. மேல்விளிம்பை உள்ளே அழுத்தி, கீழ்விளிம்பைக் கல்லோடு மட்டமாக விடுவார்கள். தண்ணீர் சறுக்கி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியின் கீழும் மெல்லிய நிழல் விழும். ஆனால் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவது மிக எளிது, குறிப்பாகச் சாரத்தில் உள்பக்கம் நின்று கட்டுகிறவருக்கு. கீழே அழுத்தி மேலே மட்டமாக விட்டால் ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு சின்னப் படி உண்டாகி, மழைத்தண்ணீர் அதில் உட்காரும். இதில் நல்ல கை பழகிய மேசன் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சிய இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி.

உள்வாங்கிய மூட்டில் சாந்தை 8, 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். பின்னேர வெயில் சாய்ந்து விழும்போது சுவர் முழுக்க நிழல் கோடு. படங்களில் பார்த்து எல்லாரும் ஆசைப்படுவது இதைத்தான். என் தங்கச்சியும் இதற்குத்தான் கடைசிவரை வாதாடினாள். வடிவு என்று மட்டும் பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, குழிவு அவ்வளவு நிழல் தராது.

குழிவு மூட்டில் சாந்து அரைகுறையாக இறுகும் நேரத்தில் உருண்டைக் கம்பியால் அழுத்தி இழுப்பார்கள். நடுவில் சில மில்லிமீற்றர் மட்டும் உள்ளே போகும், விளிம்புகள் கல்லோடு ஒட்டி நிற்கும். பார்க்க அடக்கமான வேலை.

எங்களுக்கு இதை முடிவு செய்துகொடுத்தது தண்ணீரும் உப்பும். அதை விரித்துச் சொல்கிறேன்.

சுவருக்குள் மழை எப்படிப் போகிறது என்று கேட்டால், பலர் கல் உறிஞ்சுகிறது என்பார்கள். கல் உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் வெயில் வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். தொல்லை கல்லும் சாந்தும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. சாந்து காயும்போது கொஞ்சம் சுருங்கும். கல்லின் விளிம்பிலிருந்து மயிரிழை அளவு விலகும். காற்றோடு வரும் மழை அந்த இழையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். கம்பியால் அழுத்தும்போது இரண்டு காரியம் நடக்கிறது. சாந்தின் மேல்தோல் இறுகி அடர்த்தியாகிறது. சாந்து இரு பக்கமும் தள்ளப்பட்டுக் கல்லின் விளிம்போடு நெருங்கி ஒட்டுகிறது. அந்த மயிரிழையை அடைப்பதுதான் குழிவின் முழு வேலையும்.

சுரண்டும்போது இதற்கு நேர் எதிரானது நடக்கும். இறுகிய மேல்தோல் போய், உள்ளே இருக்கும் சொரசொரப்பான சாந்து வெளியே தெரியும். ஒவ்வொரு கல்லின் மேல்விளிம்பிலும் தண்ணீர் தங்க 10 மி.மீ. அகலத்தில் ஒரு திண்ணை உண்டாகும். நாலரை அங்குலச் சுவர் என்றால் ஏற்கெனவே மெல்லிய சுவர், அதில் சாந்தின் தடிப்பு மேலும் குறையும். துளையுள்ள கல்லாக இருந்தால் துளைக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் இருக்கும் சாந்து இன்னும் மெலியும். சுரண்டிய பிறகும் தட்டையான கருவியால் அழுத்தி இறுக்கினால் பாதி நன்மை திரும்பக் கிடைக்கும். திண்ணை அப்படியேதான் இருக்கும்.

நமக்கு மழை ஆண்டு முழுக்கப் பரவி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்றோடு சேர்ந்து அடிக்கும். 2008இல் நிஷா புயலும் 2020இல் புரெவியும் வந்தபோது சுவர்கள் நாட்கணக்கில் காயாமல் நின்றதை இங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான மழைக்கு வடக்கு, கிழக்குச் சுவர்கள்தான் முகம் கொடுக்கின்றன.

அப்புறம் உப்பு. கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உவர். மணல் எங்கிருந்து வருகிறது என்பது லொறிக்காரருக்குத்தான் வெளிச்சம். கடலோ எந்தப் பக்கம் போனாலும் தூரமில்லை. சாந்திலும் கல்லிலும் இருக்கிற உப்பு சும்மா கிடந்தால் தொல்லை இல்லை. சுவருக்குள் போகும் தண்ணீர் அதைக் கரைத்து, வெயில் வந்ததும் வெளியே இழுத்துவந்து முகத்தில் வெள்ளையாகப் பூக்க வைக்கும். அந்த வெள்ளை கண்ணுக்குத்தான் அசிங்கம், துடைத்துவிடலாம். மேல்தோலுக்கு உள்ளேயே உப்புப் படிகமானால் அது விரிந்து தள்ளும். சாந்து மாவாக உதிரும், கல்லின் முகமே செதில் செதிலாகக் கழன்று வரும். பழைய வீடுகளில் அத்திவாரத்துக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே உப்பின் வேலைதான், அங்கே தண்ணீர் நிலத்திலிருந்து ஏறுகிறது. பூச்சு உதிர்ந்தால் திரும்பப் பூசலாம். பூசாத சுவரில் உதிர்வது சுவரே. ஆகவே உள்ளே போகும் தண்ணீரைக் குறைக்கும் மூட்டு உப்பையும் சேர்த்துக் குறைக்கிறது. என்னைப் பொறுத்தவரை வடிவைப் பற்றிய வாதம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

பராமரிப்பில் இன்னும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் செம்மண் புழுதி உள்வாங்கிய மூட்டின் திண்ணையில் தங்கி, முதல் மழைக்குச் சிவப்பாக வழியும். மாரியில் அதே இடத்தில் பாசி பிடிக்கும். குளவிக்கும் சிலந்திக்கும் அது சொல்லிக் கட்டிக்கொடுத்த வீடு. குழிவு மூட்டில் ஒரு தும்புத்தடியால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளை பூத்தால் மழையில்லாத நாளில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். அமிலம் போட்டுக் கழுவலாம் என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். அது சாந்தையும் சேர்த்துத் தின்னும்.

குழிவு வேலையில் நேரம்தான் முக்கியம். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழவேண்டும், சாந்து விரலில் ஒட்டக்கூடாது. நம் வெயிலில் அந்த நிலை சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். கல்லைத் தண்ணீரில் ஊறவைக்காமல் கட்டினால் கல் சாந்தின் ஈரத்தை இழுத்துவிடும், அழுத்துவதற்குள் கட்டியாகிவிடும். எங்கள் மேசன் அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, இதை நாளைக்குச் செய்வம் எண்டு விட ஏலாது. கட்டின கையோட இழுக்க வேணும்." நாலைந்து வரி கட்டுவார், கரண்டியை வைத்துவிட்டுக் கம்பியை எடுப்பார். முதலில் நிலைக்குத்து மூட்டுகள், பிறகு கிடை மூட்டுகள், கடைசியில் மெல்லிய தூரிகை. கருவிக்குத் தனியாகச் செலவில்லை. 10 மி.மீ. மூட்டுக்கு 12 அல்லது 16 மி.மீ. கம்பியை வளைத்துப் பிடி வைத்தால் போதும், துருவை மட்டும் நன்றாக உரசிவிட வேண்டும். துருக்கறை சாந்தில் ஏறினால் போகாது.

கலவையிலும் ஒரு சொல். சீமெந்து கூடினால் சுவர் பலம் என்று நினைத்து 1:3, அதாவது ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், போட ஆசைப்படுவார்கள். அது கூடச் சுருங்கும், அந்த மயிரிழையும் பெரிதாகும். சாந்து கல்லைவிடக் கொஞ்சம் மென்மையாக இருப்பதே நல்லது. உதிர்வதானால் திரும்ப வைக்கக்கூடிய சாந்து உதிரட்டும், கல் தப்பட்டும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை கரண்டிக்கும் கம்பிக்கும் வழுவழுப்பாக இசைந்து வரும்.

இதையெல்லாம் சொன்ன கையோடு சில எல்லைகளையும் சொல்லவேண்டும். எங்கள் சுவர் இன்னும் இளம் சுவர். கண்ட மாரிகள் கொஞ்சம்தான். இருபது வருஷம் கழித்து அது எப்படி நிற்கும் என்று இப்போதே சாதிக்க மாட்டேன். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறோம். தீவுப்பகுதியிலோ வடமராட்சிக் கரையிலோ கட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்று நேரே முகத்தில் அடிக்கும், அங்கே மூட்டு மட்டும் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். மூன்றடிக்கு ஓட்டுத் தாழ்வாரம் இறக்கிய வீட்டில் சுவர் அதிகம் நனையாது. அப்படியானால் உள்வாங்கிய மூட்டைத் தாராளமாக யோசிக்கலாம். விறாந்தைச் சுவருக்கும் அப்படித்தான். தட்டைக் கொங்கிறீட் கூரை போட்டு, நிழலுக்குக்கூடத் தாழ்வாரம் இல்லாமல் கட்டுகிறவர்கள்தான் அதைத் தொடக்கூடாது. ஹோல் சுவரில் நாங்கள் அதை வைத்தது தங்கச்சிக்காக. மழை படாத இடத்தில் அது உண்மையிலேயே வடிவாகத்தான் இருக்கிறது, தூசு தட்டும் வேலை மட்டும் கூட.

இரண்டையும் கலக்க நினைத்தால் வெளிமூலையில் மாற்றாதீர்கள், கோடு உடைந்து தெரியும். உள்மூலையில் மாற்றினால் கண்ணுக்குப் படாது.

கல் இறக்கியதும், மதிலோரம் எங்காவது மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லுங்கள். பாதியைக் குழிவாகவும் பாதியை உள்வாங்கியும் முடிக்கட்டும். வீட்டுக்குப் பாவிக்கப்போகும் அதே மணல், அதே கிணற்றுத் தண்ணீர். சில நாள் காய விட்டுக் குழாயால் நன்றாக நனையுங்கள். பிறகு திரும்பக் காய விடுங்கள். வெள்ளை கனக்கப் பூத்தால் மணல் லொறியைத் திருப்பி அனுப்ப அதுதான் நேரம்.