ரேழியில் ஒரு ஏர் ரைபிள்: நாலு வருஷ அனுபவம்

மெரினாவில் பலூன் சுடும் கடையில் என் பெண் பத்துக்கு ஏழு அடித்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அந்தக் கடைத் துப்பாக்கியின் முனை லேசாக வளைந்திருந்தது, முதல் மூன்று குண்டும் வலப்பக்கம் போய்ப் பலகையில் பட்டன. யாரும் சொல்லித்தராமல் அவளே பலூனுக்கு நாலு விரல் இடப்பக்கமாகக் குறி வைத்து மீதி ஏழையும் வரிசையாக உடைத்தாள். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு ஒன்று வாங்கலாமே என்ற பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. 2021 பிப்ரவரியில் ஒரு ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, வாங்கினோம். இன்றுவரை பதினெட்டு டப்பா, அதாவது சுமார் 9,000 பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) சுட்டிருக்கிறோம். ஸ்பிரிங் ஒருமுறை மாற்றியாச்சு.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வேறு. கல்லூரியில் என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ (.22, அதாவது 0.22 அங்குலக் குழல்) ரைபிளில் சுட்டவன் நான். ஐந்து ரவுண்டு கொடுப்பார்கள், அதற்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பரேடுக்குப் போவோம். அந்த மருந்து வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதனால் வாங்கினால் .22 தான் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். விசாரித்தபோதுதான் புத்தி வந்தது. .22 ரைபிள் முறையான துப்பாக்கிக் கணக்கில் வரும். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், சென்னைக்குள் என்றால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் கிடைத்தாலும் எங்கே சுடுவது? அந்தத் தோட்டா ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகும். திருவல்லிக்கேணியில் மொட்டை மாடியில் நின்று சுட்டால் கடலுக்குப் போகுமா ஐஸ் ஹவுஸ் பக்கம் போகுமா என்று யோசிக்கிற விஷயமா அது.

ஏர் ரைபிளுக்குக் கதை வேறு. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் ஆதார் நகல், போட்டோ வாங்கிக்கொண்டு பதிவேட்டில் என் பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். ஏர் ரைபிளிலேயே 5.5 மி.மீ. குழலும் உண்டு, அதையும் .22 என்றுதான் சொல்வார்கள். இதில் பலர் குழம்புகிறார்கள். அது தோட்டா போடும் .22 இல்லை, காற்றில் போவது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நம்ம வேலை காகிதத்தில் ஓட்டை போடுவது, அதற்கு 4.5 தான் சரி.

கடையில் எடுத்த எடுப்பிலேயே வேகக் கணக்கு ஆரம்பித்தது. "சார், இது ஆயிரம் அடி போகும், இது ஆயிரத்து இருநூறு" என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார் விற்பனைப் பையன். நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு அது. நானும் முதல் அரைமணி நேரம் வாய் பிளந்து கேட்டேன். ஆனால் அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டி இருக்கிறதே, அதில் சுடும் ரைபிள்களின் வேகம் நொடிக்கு 170, 175 மீட்டர்தான். அடியில் சொன்னால் 570 சொச்சம். அதை வைத்துத்தான் பத்து மார்க் தரும் அரை மில்லிமீட்டர் அகல நடுப்புள்ளியை அடிக்கிறார்கள். வேகம் கூடக் கூட ஸ்பிரிங் கெட்டியாகும், ஒவ்வொரு முறையும் சுடும்முன் குழலை மடக்கி அதை அழுத்துவதற்குப் பலம் அதிகம் வேண்டும், சுடும்போது உதறலும் கூடும். பத்து மீட்டர் சுடுகிற குடும்பத்துக்கு இது எதுவுமே உபயோகமில்லை.

நல்லவேளை, பெண்ணையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தனியாகப் போயிருந்தால் அந்த ஆயிரத்து இருநூறைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். ஒவ்வொரு ரைபிளையும் பெண் தோளில் வைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல், தோளில் வைக்கும் பின்பக்க மரக்கட்டை ரொம்ப நீளம். டிரிகரைத் தொட அவள் கழுத்தை நீட்டி உடம்பைப் பின்னுக்கு வளைக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் குட்டைக் கட்டையைச் சமாளித்துக்கொள்ளலாம், குழந்தைகளால் நீளக் கட்டையைச் சமாளிக்க முடியாது. எடையும் அப்படியே. மூன்று கிலோவுக்கு மேல் போனால் பத்தாவது பெல்லட்டுக்குள் இடது கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, ஒரு நண்பர்தான் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், என்று பார்க்கச் சொன்னார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் காணாமல் போகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். என் பெண் வலது கைக்காரி, ஆனால் இடது கண். வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்த்தால் எங்கே படும்? அவளை இடது தோளுக்கு மாற்ற வேண்டும் என்று தெரிந்ததும், கன்னம் வைக்கும் மேடு வலதுகைக்காரர்களுக்காக மட்டும் செதுக்கிய கட்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டோம். இருபுறமும் ஒரேமாதிரி இருக்கும் கட்டையாக எடுத்தோம். இந்த ஒரு காரியத்துக்காக அந்த நண்பருக்கு ரத்னா கபேயில் இட்லி சாம்பார் வாங்கிக் கொடுத்தேன்.

காற்றை அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி. வகையும் பார்த்தோம். உதறல் கிடையாது, மடக்க வேண்டாம், குழந்தைகளுக்குச் சொகுசு. ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடிக்கப் பம்போ சிலிண்டரோ தனியாக வாங்க வேண்டும், பட்ஜெட் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் வாங்கியது நம் நாட்டுத் தயாரிப்பு, குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிள், இருப்பதிலேயே சாதுவான மாடல். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. ஒரே ஒரு துப்பாக்கியை வைத்துக் கம்பெனிக்கு மார்க் போடுவது நியாயமில்லை. மடக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பெட்டி தூக்கும் தராசைக் குழல் முனையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், 16 கிலோ காட்டியது. இதைக் கடையிலேயே செய்திருக்க வேண்டும். பெண்ணால் முதல் ஒன்றரை வருஷம் மடக்க முடியவில்லை, நான்தான் ஒவ்வொரு முறையும் மடக்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது தடவை. ஜிம்முக்குப் போகிற செலவு மிச்சம்.

எங்கள் வீடு பழைய ரயில்பெட்டி வீடு. வாசலில் நின்றால் ரேழி, கூடம், சமையலறை வாசல் தாண்டிக் கொல்லைச் சுவர் தெரியும். இந்த வீட்டில் வெளிச்சம் இல்லை என்று இருபது வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு முதல்முறையாக அதன் அருமை தெரிந்தது, ரேழியிலிருந்து கொல்லைக் கதவுவரை சரியாகப் பத்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். மொட்டை மாடியில் சுடவே கூடாது என்று முதல் நாளே முடிவெடுத்தோம். தவறிப்போன பெல்லட் முன்னூறு மீட்டர் தாண்டியும் போகும், எதிர் மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில்தான் முதல் தப்பு. ஒரு கனமான இரும்புத் தகட்டை நேராக நிறுத்தி அதன்மேல் காகித டார்கெட்டை ஒட்டினேன். மூன்றாவது ஷாட்டில் பெல்லட் எகிறித் திரும்பி வந்து கூடத்துப் பீரோவில் 'டங்' என்று மோதியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பீரோவில் மட்டும் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றைக்குச் சுடுவதை நிறுத்தி, எல்லோருக்கும் கண்ணாடி வாங்கியபிறகுதான் திரும்ப எடுத்தோம். இப்போது இருப்பது மரப்பெட்டி, உள்ளே அதே தகடு 45 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி, முன்னால் இறுக்கி அடைத்த கோணியும் பழைய துணியும். பெல்லட் கீழே விழுந்து தங்கிவிடும், சத்தமும் பாதி. முன்பெல்லாம் பக்கத்து வீட்டு பாய், "என்ன தம்பி, ராத்திரியில ஆணி அடிக்கிறீங்களா?" என்று கேட்பார். பெட்டி மாற்றியபிறகு கேட்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினேன், உட்கார்ந்து இருபது பெல்லட் சுட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது தப்புக்கு முழுக்க நானே பொறுப்பு. ரைபிள் கொஞ்சம் கரகர என்றதும் தையல் மிஷின் எண்ணெயைக் காற்று வரும் துளையில் நாலு சொட்டு விட்டேன். அடுத்த ஷாட் தீபாவளி மாதிரி வெடித்தது, குழல் முனையில் புகை. ஸ்பிரிங் ரைபிளுக்குள் காற்று ஒரே நொடியில் அழுந்தி அவ்வளவு சூடாகும், எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் இன்ஜினில் நடப்பதுதான். உள்ளே காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கருகிப்போனது. கடைக்கு எடுத்துப்போனால் அவர்கள் மூன்று வாரம் வைத்திருந்து, "எண்ணெய் விட்டீங்களா சார்?" என்று ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்கள். சிலிக்கான் எண்ணெய் தவிர வேறு எதுவும் அந்தத் துளைக்குள் போகக் கூடாது, அதுவும் வருஷத்துக்கு ஒரு சொட்டு. பெல்லட் இல்லாமல் வெறுமனே டிரிகரை இழுப்பதும் சீலைக் கொல்லும், மடக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் ஸ்பிரிங்கைத் தளர்த்தும்.

குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் வாங்கி ஏமாந்தேன். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதறும், சாதாரண ஸ்கோப் அதைத் தாங்காது. இரண்டு மாதத்தில் உள்ளே இருக்கும் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது. அதற்கு முன்பும் பத்து மீட்டரில் டார்கெட் மங்கலாகத்தான் தெரிந்தது, அது நூறு கஜத்துக்குத் தெளிவாகும்படி செய்த லென்ஸ். கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப இரும்பு சைட்டுக்கே, அதாவது துப்பாக்கியோடு வரும் லென்ஸ் இல்லாத குறிமுனைக்கே, வந்தோம். அப்புறம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பீப் சைட் பொருத்தினோம். போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு ஸ்கோப்பே அனுமதி இல்லை என்பதால் பெண்ணுக்கும் அதுவே நல்லதாகப் போயிற்று.

பெல்லட்டில் தலை தட்டையாக இருக்கும் வகை எடுங்கள். காகிதத்தில் பஞ்சிங் மிஷின் போட்டதுபோல வட்டமாக வெட்டும், மார்க் எண்ணச் சண்டை வராது. கூர்மூக்குப் பெல்லட் கிழித்துக்கொண்டு போகும், "ஒன்பது தொட்டிருக்கு", "தொடலை" என்று பெண்ணும் பையனும் அடித்துக்கொள்வார்கள். எங்கள் ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டைத்தான் விரும்புகிறது. உட்கார்ந்து சுட்டால் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்கு அடியில் மறையும். இதற்குமேல் இந்த விலைக்கு எதிர்பார்ப்பது பேராசை. கட்டையை இறுக்கிப் பிடித்தாலோ மேஜைமேல் நேராக வைத்தாலோ குறி அலையும், திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட வேண்டும். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது, பெண்ணுக்கு ஒரு வாரம். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடையில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. ஸ்பாஞ்ச் வைத்த பையில் பத்திரமாக மூடி வைத்தால் போதும் என்று நினைத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாலு நாள் கரன்ட் இல்லை, வீடே ஊறிக்கிடந்தது. பையைத் திறந்தால் குழல் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி அப்படியே குழலோடு ஒட்ட வைத்திருக்கிறது. இப்போது பையை வெளியே எடுத்துப்போக மட்டும்தான் பயன்படுத்துகிறோம், அதிலும் பில் நகல் ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டில் எண்ணெய்த் துணியால் துடைத்து, பீரோவுக்குள் பூட்டி, சாவி என்னிடம். பெல்லட் டப்பா வேறு அலமாரியில்.

வாங்கிய அடுத்த மாதமே நடிகர் அஜித் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வாங்கிவிட்டார், சொந்தக்காரர்கள் எல்லாம் என்னை "தல" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மைத்துனன் வந்து, "மாமா, மாடில காக்கா நிறைய இருக்கே" என்றான். அன்றைக்கு அவன் கையில் ரைபிளே கொடுக்கவில்லை. உயிருள்ள எதையும் குறி பார்க்கக்கூட மாட்டோம், இதற்குச் சட்டம் ஒரு பக்கம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். லோடு செய்யும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், தவறி விட்டால் குழல் பட்டென்று மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். மற்றபடி வீட்டில் நீண்ட விதிப்பட்டியல் எதுவும் இல்லை.

பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டோம், அங்கே அவர்கள் தரும் பி.சி.பி. ரைபிளில் சுடுகிறாள், வீட்டு ரைபிளைத் தொட்டால் "அப்பா, இது உதறுதுப்பா" என்று முகம் சுளிக்கிறாள். பையனுக்கு இன்னும் மடக்க வரவில்லை. அதிகம் சுடுவது என் அம்மாதான். எழுபத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் ஆனபிறகு பார்வை பளிச்சென்று இருக்கிறது. மோடாவில் உட்கார்ந்து, தலையணைமேல் உள்ளங்கையை வைத்து, சாயங்காலம் சீரியல் ஆரம்பிக்கும்முன் பத்து பெல்லட். மடக்கிக் கொடுப்பது இப்போதும் நான்தான். இரண்டு வாரமாகக் குண்டு எல்லாம் கீழே விழுகிறது என்கிறாள், ஸ்பிரிங் மறுபடி தளர்ந்திருக்கும் போலிருக்கிறது. சனிக்கிழமை கடைக்கு எடுத்துப்போகணும்.