ஜெய்ஹிந்த்புரம் தச்சர் செய்து தந்த கட்டை மேகசின்

டெக்சாஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்டல் போட்டிக்குப் போகிறவன் நான். சொந்த வீடு மதுரை வில்லாபுரத்தில். வருடத்துக்கு ஆறு வாரம் அம்மாவோடு இருக்க வருவேன். அந்த ஆறு வாரமும் கைக்குப் பழக்கம் விட்டுப்போகும். திரும்பிப் போய் முதல் போட்டியில் நின்றால் குறி ஓரளவு வந்துவிடும், மேகசின் மாற்றுவதுதான் தடுமாறும். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி, பிஸ்டல் கைப்பிடிக்குள் கீழிருந்து நுழைக்கிற டப்பா.

‘எல் பிரெசிடென்டே’ என்று ஒரு பழைய பயிற்சி உண்டு. 1976-இல் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டி அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த ஜெஃப் கூப்பர் உருவாக்கியது. பத்து கெஜ தூரத்தில் மூன்று இலக்குகள். முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒலி கேட்டதும் திரும்பி, இலக்குக்கு இரண்டாக ஆறு வெடி, மேகசின் மாற்றி மறுபடி ஆறு வெடி. இரண்டு வருடத்துக்கு முன்பு ஊரிலிருந்து போனதும் சுட்டேன். ஆறாவது வெடிக்கும் ஏழாவது வெடிக்கும் நடுவே 2.4 நொடி என்று டைமர் காட்டியது. தேர்ந்தவர்கள் அதை ஒரு நொடியை ஒட்டி முடிக்கிறார்கள். என் மொத்த நேரத்தில் பெரிய ஓட்டை அதுதான்.

ஊரில் பழகலாம் என்றால் பிஸ்டலைக் கொண்டு வர முடியாது. என் பிஸ்டலின் தோட்டா அளவான 9 எம்.எம். பாரபெல்லம் இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். பையின் மூலையில் ஒரு தோட்டா தெரியாமல் கிடந்தாலே விமான நிலையத்தில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். காலி மேகசினைக்கூட எடுத்து வர எனக்கு மனமில்லை. அதனால் மரத்தில் செய்து வாங்கிப் பழகலாம் என்று, போன வருடம் அளவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்கு நிலைகளை வாங்கி, அறுத்து, சாமி மண்டபமும் ஜன்னலும் செய்கிறார் அந்த அண்ணன். தாளைப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, டப்பாவா?” என்றார். விளக்கினேன். துப்பாக்கி போலத் தெரியவே கூடாது, கைப்பிடி மட்டும் போதும், கீழே மேகசின் நுழைகிற பொந்து வேண்டும், கூடவே மூன்று மேகசின் என்றேன். ஒத்துக்கொண்டார்.

நாலு நாளில் தருவதாகச் சொன்னார், பதினோரு நாள் ஆயிற்று. அவசரக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்த பொருள் அருமை. தோட்டாக்கள் இரட்டை வரிசையாக அடங்கும் மேகசினுக்கு மேல்முனை ஒடுங்கியிருக்கும். பொந்துக்குள் எளிதாக இறங்க அந்த ஒடுக்கம்தான் உதவும். அதை அரத்தால் ராவி, உப்புத்தாளில் இழைத்துச் சரியாகக் கொண்டு வந்திருந்தார். எடையும் அப்படியே. ஒரு 9 எம்.எம். தோட்டா சுமார் 12 கிராம், பதினைந்து போட்டால் 180 கிராம், அதோடு எஃகு மேகசினின் எடையும் சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும். வெறும் தேக்கில் அந்தக் கனம் வராது. உள்ளே இரண்டு துளை போட்டுத் தூண்டில் ஈயத்தை இறக்கி, அடியில் ஆப்பு அடித்து மூடிவிட்டார். கையில் எடுத்தால் நிரம்பிய மேகசின் போலவே இருக்கிறது. மேகசினைக் கழற்றிவிடும் பொத்தானுக்கு ரம்பத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி வில்லாக வைத்தார். கட்டை விரலால் அழுத்தினால் மேகசின் தானாகக் கீழே விழுகிறது.

பட்டறையிலேயே நின்று நாலைந்து தடவை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பொந்தின் விளிம்பில் முட்டியது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். “வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே தள்ளுறீங்க. துளையில முளையை இறக்குற மாதிரிதான் தம்பி இதுவும். முதல்ல முதுகோட முதுகைச் சேர்க்கணும். அப்புறம்தான் தட்டணும்” என்றார். இரண்டு வருடமாகக் காசு கொடுத்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: மேகசினின் தட்டையான பின்பக்கத்தைப் பொந்தின் தட்டையான பின்பக்கத்தோடு ஒட்டவை, பிறகு உள்ளங்கையால் ஏற்று. காதில் விழுந்திருந்தது, கைக்கு வரவில்லை. ஜன்னல் சட்டம் கோக்கிற ஒருவர் தன் வேலையைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் கால் மணி நேரம். கீழே பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுக்கொள்வேன், கட்டை விழுந்தால் சத்தம் வராது, முனையும் உடையாது. முதல் வாரம் முழுக்கப் பாதிதான் செய்தேன். இடுப்புப் பையிலிருந்து மேகசினை உருவி, பொந்தின் விளிம்பு வரை கொண்டு வந்து நிறுத்துவது, உள்ளே ஏற்றாமல். இதற்குப் ‘பர்கெட் ரீலோட்’ என்று பெயர். ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கம் நெடுக நீண்டு, அதன் நுனி தோட்டா முனை இருக்கும் இடத்தைத் தொட வேண்டும். பிஸ்டல் கை முகவாய் உயரத்தில், முழங்கை உள்ளே மடிந்து, பொந்து பையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். கண் இலக்கில் அல்ல, பொந்தின் வாயில். கைபேசியில் ஒரு நொடிக்கு டைமர் வைத்து, ஒலிக்குள் விளிம்பைத் தொட்டுவிட்டால்தான் ஒன்று என்று எண்ணுவேன். நேரம் முழுக்க வீணானது இந்தப் பாதியில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏற்றித் தட்டுவதற்கு நேரமே ஆவதில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததும் தேக்கும் லேசாக ஊறிக்கொண்டது. மூன்றில் ஒன்று பொந்தில் சிக்கிக் கீழே விழ மறுத்தது. திரும்பக் கொண்டு போனேன், அரை மில்லிமீட்டர் சீவி, மெழுகு தேய்த்துத் தந்தார், காசு வாங்கவில்லை. அடிப்பக்க மூலைகள் கூர்மையாக இருந்ததால் இரண்டாம் நாளே உள்ளங்கையில் கொப்புளம். மூலைகளை உருட்டச் சொல்லி முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரிய குறை என் யோசனையில் இருந்தது: டிரிக்கரைச் சுற்றி இருக்கும் வளையம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மேகசின் மாற்றும்போது விரல் வளையத்துக்குள் இருந்தால் போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். விரலை வெளியே நீட்டி வைக்கும் பழக்கமும் சேர்ந்தே வளர வேண்டும். வளையம் இல்லாத கட்டையில் என் விரல் எங்கெங்கோ போயிற்று. இந்த வருடம் வந்ததும் முதல் வேலையாக, கைப்பிடியில் ஒரு மர வளையம் பொருத்தி வாங்கினேன். இப்போது விரல் வளையத்துக்கு வெளியே, மேலே நீண்டு கிடக்கிறது.

போன வருடம் அப்படிப் பழகித் திரும்பிப் போய், அதே பயிற்சியைச் சுட்டபோது இடைவெளி 1.7 நொடி. அடுத்த மாதம் 1.6. போட்டியில் ஓடிக்கொண்டே மாற்றும்போதும், அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மேகசின் உள்ளே இருக்கிறது. முன்பெல்லாம் போய் நின்ற பிறகும் குனிந்து பொந்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

கைப்பிடி, மூன்று மேகசின், ஈயம் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் கொடுத்தேன். வளையத்துக்குத் தனியாக 300. கேட்டுப் போகிறவர்கள் அளவை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள், மேல்முனை ஒடுக்கத்தைத் தனியாக வரைந்து காட்டுங்கள். மழைக்காலத்துக்கு இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அண்ணன் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். என் அளவுக்கான அட்டை அச்சு பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதே ரகப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டிச் சொன்னால் போதும்.