ரோபோ பெட்டியா, கணினித் திரையா, திறந்த பெட்டியா?

போன வாரம், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் பாடம் நடத்தும் தோழி தொலைபேசியில் அழைத்தாள். மதுரைக்காரி, இங்கே டர்பனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. "அக்கா, எங்கள் பள்ளிக்கு அறிவியலுக்கென்று கொஞ்சம் நன்கொடைப் பணம் வந்திருக்கிறது. ரோபோ பெட்டி வாங்கலாமா, டேப்லெட் வாங்கித் திரையிலேயே செய்முறைகளைக் காட்டலாமா? ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் சொல்ல வேண்டும்" என்றாள். இரண்டையும் டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பள்ளியில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றுக்கு வந்து சேர்ந்தவள் நான். அவளிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரை இயற்கை அறிவியலும் தொழில்நுட்பமும் ஒரே பாடம். ஏழாம் வகுப்பில் அவை இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. புத்தகம் வேறு, நோட்டு வேறு, பல பள்ளிகளில் ஆசிரியரும் வேறு. அறிவியல் நோட்டில் கருதுகோள், மாறிகள், முடிவு என்று எழுதுகிறார்கள். தொழில்நுட்ப நோட்டில் ஆராய், வடிவமை, செய், மதிப்பிடு, எடுத்துரை என்று ஐந்து படிகள். 'ஏன் இப்படி நடக்கிறது' என்பது ஒன்று, 'இருப்பதை வைத்து இதை எப்படிச் சரிசெய்வது' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மூளையின் வேலை என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரிவதில்லை. ஆகவே எதை வாங்கினாலும் அது இரண்டு நோட்டுக்கும் பயன்பட வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

ரோபோ பெட்டியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைகள் ஓடி வருவார்கள், பெற்றோர் மகிழ்வார்கள், நிரல் எழுதக் கற்றுக்கொள்வார்கள். நிரலாக்கமும் ரோபோவியலும் பள்ளிப் பாடமாக வருவதற்கான வரைவு இந்நாட்டில் 2021இலேயே வெளியாகிவிட்டது என்பதால் தலைமையாசிரியர்களுக்கும் அதில் ஆர்வம் அதிகம்.

திரைச் செய்முறைகளில் எனக்குப் பிடித்தது கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET). 2001இல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. இலவசம். இணையம் இல்லாமலும் இயக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதையும், வாயு மூலக்கூறுகள் முட்டிக்கொள்வதையும் எந்த ஆய்வகத்திலும் அப்படிக் காட்ட முடியாது. ஆனால் திரையில் எதுவும் உடைவதில்லை, எதுவும் தளர்ந்துபோவதில்லை, அளவீடு ஒவ்வொரு முறையும் சொன்னபடி வந்து நிற்கிறது. நான்கு குழு அளந்தால் நான்கு விடை வர வேண்டும். ஏன் வந்தது என்று சண்டை போட வேண்டும். அந்தச் சண்டை திரையில் நடப்பதில்லை. தவிர, 2023இல் நாடு பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை பெரிதும் தேறிவிட்டது, ஆகவே அதை இனி ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, நாங்கள் 'திறந்த பெட்டி' என்று அழைப்பது. எந்த நிறுவனமும் விற்பதல்ல. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. உள்ளே மலிவு விலை மல்டிமீட்டர் (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் கருவி) இரண்டு, 9 வோல்ட் பேட்டரிகள், சிறு விளக்குகள், முதலைக் கவ்விக் கம்பிகள், பழைய பொம்மைகளில் இருந்து கழற்றிய மோட்டார்கள், நூல், எடைக்கு நட்டுகள், அளவுகோல், 2 லிட்டர் குளிர்பானப் புட்டிகள், அளவுருளை ஒன்று, திருப்புளி இரண்டு. அளவுருளையும் மீட்டரும் தவிர மற்றதெல்லாம் தெருக்கோடி ஹார்ட்வேர் கடையிலோ பிள்ளைகளின் வீட்டிலோ கிடைப்பவை.

இனி, நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. வாங்கும் நாளில் எல்லாப் பெட்டியும் அழகுதான். மூன்றாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.

எங்கள் பள்ளி ஆறு ரோபோ பெட்டிகள் வாங்கியது. முதல் ஆண்டு முடிவில் சின்னச் சின்னப் பாகங்கள் குறைந்தன. இரண்டாம் ஆண்டு இரண்டு பேட்டரிகள் உப்பிப்போயின; ஒரு மோட்டார் நின்றுவிட்டது. மோட்டாரின் உறையைக் கழற்ற வழியே இல்லை. விற்றவர்களைக் கேட்டபோது அந்த வரிசைக்கு உதிரிப் பாகம் தனியாக வருவதில்லை, புதிய வரிசையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்குவதென்றால் பள்ளி நிர்வாகக் குழு கூட வேண்டும், மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்க வேண்டும்; அதற்குள் ஒரு பருவம் ஓடிவிடும். இதற்கிடையே ரோபோவை இயக்கும் செயலி புதுப்பிக்கப்பட்டது. எங்கள் பழைய டேப்லெட்டில் அது ஏறவில்லை. மூன்றாம் ஆண்டில் ஆறையும் கொட்டிச் சேர்த்ததில் இரண்டு முழுப் பெட்டிகள் தேறின. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு. குறைபட்ட மற்ற நான்கையும் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உலகமெங்கும் பள்ளிகளில் பேர் பெற்ற லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசைகூட 1998இல் தொடங்கி 2022 முடிவில் நிறுத்தப்பட்டுவிட்டது. எங்களிடம் இருந்தது அதுவல்ல. ஆனாலும் மூடிய பெட்டியை வாங்குகிறவர் அதைச் செய்கிறவரின் ஆயுளையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆனால் பணத்தை விட என்னை அதிகம் வருத்தியது வேறு. அந்த மோட்டார் நின்றபோது பிள்ளைகள் செய்ய முடிந்தது, 'இயங்கவில்லை' என்று எழுதி ஒட்டி என்னிடம் கொடுப்பது மட்டும்தான். பழுது வந்த இடத்தில் பாடம் நின்றுபோயிற்று. திறந்த பெட்டியில் பழுது வரும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர் கொண்ட குழு, மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியரில் வைத்துக்கொண்டு 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் நேரடியாகத் தொட்டுவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. அதன் பிறகு சுற்றில் இணைத்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது, விளக்கும் எரியவில்லை. "மேடம், மீட்டர் செத்துவிட்டது" என்றார்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, முதலில் அதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மின்னழுத்தம் அளந்தார்கள்: 8.7 வோல்ட், சரி. மின்தடை அளந்தார்கள்: சரி. மின்னோட்டம் மட்டும் பூஜ்யம். கம்பிகளை மாற்றினார்கள், பூஜ்யம். அதே சுற்றில் பக்கத்துக் குழுவின் மீட்டரை வைத்தார்கள். விளக்கு எரிந்தது, எண் வந்தது. ஆகவே சுற்றில் குறையில்லை. மீட்டருக்குள் மின்னோட்டம் போகும் வழியில் மட்டும்தான் குறை. இதை நான் சொல்லவில்லை, அவர்கள் எழுதிய பட்டியல் சொன்னது. பின்பக்கத் திருகுகளைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டு செ.மீ. நீளத்தில் கண்ணாடிக் குழாய், ஃபியூஸ். ஒரு சிறுமி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். இன்னொரு மீட்டரை மின்தடையில் வைத்துத் தொட்டாள். புது ஃபியூஸ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. கழற்றிய ஃபியூஸோ திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' காட்டியது. வழி அறுந்திருக்கிறது என்று பொருள். கண்ணை நம்புவதா, அளவை நம்புவதா என்று அவள் ஒரு நிமிடம் நின்ற நிற்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சில ராண்ட்தான் அந்த ஃபியூஸ். போட்டதும் மீட்டர் உயிர்பெற்றது. ஆனால் ஏன் எரிந்தது? மின்னோட்டம் அளக்கும் நிலையில் மீட்டருக்குள் மின்தடை மிகக் குறைவு. பேட்டரியை நேரே தொட்டால் மின்னோட்டம் பாய்ந்து வரும். இரண்டு வாரம் கழித்து வர வேண்டிய ஓம் விதி அன்றைக்கே வந்தது. அடுத்த கேள்வி தொழில்நுட்ப நோட்டுக்குப் போனது: மறுபடி எரியாமல் இருக்க என்ன செய்வது? ஒருவன் மீட்டரில் சிவப்பு டேப் ஒட்டலாம் என்றான். மற்றொருத்தி பேட்டரிக் கம்பியிலேயே ஒரு சிறு விளக்கை நிரந்தரமாகத் தொடரில் இணைத்துவிடலாம் என்றாள். தவறித் தொட்டாலும் விளக்கு எரியும், ஃபியூஸ் பிழைக்கும். செய்து பார்த்தார்கள், பிழைத்தது. ஆனால் அந்த விளக்கும் ஒரு மின்தடைதானே, எங்கள் எல்லா அளவும் மாறிவிடுமே என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். பாதுகாப்பா, துல்லியமா? மதிப்பிடு என்ற நான்காம் படிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எங்கே தேடுவேன்?

திறந்த பெட்டிக்கும் பராமரிப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதலைக் கவ்விக் கம்பிகள் கழுத்தில் அறுந்துகொண்டே இருக்கும். பருவத்துக்கு நாற்பதில் குறைந்தது பத்து போகும். மூடியின் உட்புறம் பொருள் பட்டியல் ஒட்டி, வாரம் ஒரு பிள்ளையைப் பொறுப்பாளராக்கி, மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே எண்ணி வைக்கச் செய்கிறேன். பருவக் கடைசியில் ஒரு வகுப்பு முழுதும் அறுந்த கம்பிகளைப் பற்றவைத்து ஒட்டும் நாள். செலவு சில்லறைப் பணத்தில் அடங்கிவிடுகிறது, கூட்டம் தேவையில்லை. ஆனால் ஆசிரியரின் நேரம் கேட்கும். சனிக்கிழமை காலையை நான் கொடுத்திருக்கிறேன். குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் ஓர் ஆசிரியைக்கு அது முடியாமல் போகலாம். தோழியிடமும் இதைச் சொன்னேன்.

இன்னொன்று: திறந்த பெட்டிக்குள் வீடு நுழையும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்குள்ள மக்கள் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பையனின் ஆயா அந்த ஊர்க்காரர். கரும்புத் தோட்டத்தில் தன் அம்மா கலங்கல் தண்ணீரில் முருங்கை விதையை நசுக்கிப் போட்டுத் தெளிய வைப்பார் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைப்பதை நான் பார்த்திருக்கிறேன்; முருங்கை விதையைச் செய்து பார்த்ததில்லை. "உண்மையா மேடம்?" என்றான். பார்த்துவிடலாம் என்றேன். சாட்ஸ்வொர்த்தில் முருங்கைக்கா பஞ்சம்!

செம்மண்ணைக் கரைத்து இரண்டு புட்டிகள். ஒன்றில் நசுக்கிய விதை, மற்றதில் ஒன்றுமில்லை. தாளில் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் அளவுருளை, குறி மறையும் வரை தண்ணீர் ஊற்றி உயரத்தை அளப்பது. ஒரு மணி நேரம் கழித்து விதை போட்டது 19 செ.மீ., போடாதது 9. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "விதை போட்டதை மட்டும் கலக்கினோமே, கலக்கியதால் தெளிந்திருந்தால்?" கைதட்டல் நின்றது. மறுநாள் இரண்டையும் ஒரே அளவு கலக்கி மறுபடி செய்தார்கள். 18, 8. கலக்கியது காரணமல்ல. விதையில் உள்ள நேர் மின்னூட்டப் புரதம் எதிர் மின்னூட்டக் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்குகிறது என்று விளக்கினேன். சீப்பையும் காகிதத் துணுக்கையும் வைத்துப் படித்த மின்னூட்டம் தண்ணீருக்குள்ளும் இருக்கிறது என்று வியந்தார்கள். தெளிந்த நீர் குடிக்கத் தகுந்த நீர் ஆகிவிடாது, கொதிக்க வைத்தே ஆக வேண்டும் என்பதையும் கொட்டை எழுத்தில் எழுத வைத்தேன்.

மற்ற இரண்டும் எங்கே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரலாக்கம்தான் நோக்கம் என்றால் ரோபோ பெட்டியே சரி. அதில் என் அனுபவம் மாலைநேர மன்றத்தோடு சரி, ஆழமாகப் பேச எனக்குத் தகுதியில்லை. அணு, மூலக்கூறு, அலை போன்றவற்றுக்குத் திரையை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் துல்லியமான கருவிகள் தேவைப்படும். அங்கே திறந்த பெட்டி எவ்வளவு தாங்கும் என்று நான் சோதித்ததில்லை. வேதியியலுக்கு விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்டே மையம் உருவாக்கிய நுண்செய்முறைப் பெட்டிகள் உண்டு. சொட்டுக் கணக்கில் வேதிப்பொருள் போதும். ஒரு பருவம் மட்டும் கையாண்டேன், பிடித்திருந்தது.

தோழிக்குச் சொன்னது இதுதான்: பணத்தில் பெரும் பகுதிக்குப் பத்துத் திறந்த பெட்டிகள், ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள், இரண்டாம் ஆண்டுக்கு. ஃபியூஸ் மட்டும் முதலிலேயே ஒரு டஜன் வாங்கிவிடு.

முருங்கைக் குழு தங்கள் ஆய்வை எஸ்காம் இளம் விஞ்ஞானிகள் கண்காட்சியின் வட்டாரச் சுற்றுக்குக் கொண்டுபோனது. பரிசு இல்லை. நடுவர் ஒருவர், விதைகள் எல்லாம் ஒரே வயதுடையவையா என்று கேட்டாராம். இவர்களிடம் பதில் இல்லை. வகுப்பறை ஜன்னலில் இப்போது மூன்று பாட்டில்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் காய் பறித்த மாதம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.