சீனா – ஐரோப்பா சரக்கு ரயில்: வடக்குப் பாதையா, நடுப் பாதையா?

வடக்குப் பாதை கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரஸ் வழியாகப் போலந்தை அடைகிறது. நடுப் பாதை கஜகஸ்தானிலிருந்து காஸ்பியன் கடலைத் தாண்டி அஜர்பைஜான், ஜார்ஜியா, துருக்கி எனப் போகிறது.

தண்டவாள அகலம்: சீனாவிலும் ஐரோப்பாவிலும் 1435 மி.மீ., முன்னாள் சோவியத் நாடுகளில் 1520 மி.மீ. வெறும் 85 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் சரக்குப் பெட்டியை (கன்டெய்னரை) கிரேனால் தூக்கி வேறு வண்டியில் வைத்தே ஆகவேண்டும். இப்படிப் பெட்டி மாற வேண்டிய இடங்கள்:
வடக்கு: சீன – கஜகஸ்தான் எல்லையான கோர்கோஸில் ஒன்று, பெலாரஸ் – போலந்து எல்லையில் பிரெஸ்ட் – மலஷெவிச்சேயில் ஒன்று.
நடு: கோர்கோஸ், கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்தில் கப்பலேற்றம், அஜர்பைஜானின் அலாத்தில் இறக்கம், ஜார்ஜியாவின் அஹல்கலாக்கியில் மீண்டும் தண்டவாள மாற்றம். குறைந்தது நான்கு.

சுங்கம்:
வடக்கு: மூன்று நாடுகளும் ஒரே சுங்க ஒன்றியம், இடையில் சோதனை இல்லை.
நடு: ஒவ்வொரு எல்லையிலும் தனிக் காகிதம், தனிக் கட்டணம்.

தடங்கல்:
வடக்கு: அரசியல்தான் சிக்கல். 2025 செப்டம்பரில் போலந்து பெலாரஸ் எல்லையை மூடியதும் ரயில்கள் சுமார் இரண்டு வாரம் நின்றன. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் இருபயன் பொருட்களுக்கு (பொதுப் பயன்பாடு, ராணுவம் இரண்டுக்கும் உதவுபவை) ரஷ்யா வழியே தடையும் உண்டு.
நடு: காற்று அடித்தால் அக்தாவ் துறைமுகம் மூடும், பெட்டிகள் தேங்கும். காஸ்பியன் நீர்மட்டமும் இறங்கிவருவதால் கப்பல்கள் முழுச் சுமை ஏற்ற முடிவதில்லை. 2017-இல் திறந்த பாகு – திபிலிசி – கார்ஸ் ரயில் பாதை (அஜர்பைஜானிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கிக்கு) இதைத் தீர்க்காது; அது கடலுக்கு அப்பால்தானே தொடங்குகிறது!

தேதி தவறக்கூடாத, தடைப்பட்டியலில் இல்லாத சரக்குக்கு வடக்கு. ரஷ்யாவைத் தொடக்கூடாதென்று காப்பீட்டாளர் சொன்னாலோ, சரக்கு துருக்கிக்கோ காகசஸுக்கோ போவதானாலோ நடுப் பாதை; கால அட்டவணையில் துறைமுகக் காத்திருப்புக்கும் நாள் ஒதுக்குங்கள்.